கப்பலைத் திருப்ப வேண்டாம்

ஹாடர்ஸ்லேவ்,
1940 ஏப்ரல் 10

அன்புள்ள ஐனாருக்கு,

தோரா எழுதுகிறேன். நானும் கிர்ஸ்டனும் நலம். வயிற்றில் இருப்பதும் நலமாக உதைக்கிறது. உங்கள் கப்பல் எந்தக் கடலில் நிற்கிறதோ தெரியவில்லை. ஸ்வீடன் படகுக்காரர் ஒருவர் இன்று கிளம்புகிறார், அங்கே தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நேற்று விடியற்காலையில் விமானச் சத்தம் கேட்டு எழுந்தேன். நம் டேனிஷ் ஆட்கள்தான் பயிற்சி செய்கிறார்கள் என்று நினைத்து அடுப்பை மூட்டினேன். பிறகுதான் ராணுவக் குடியிருப்புப் பக்கம் சுடும் சத்தம் கேட்டது. தம்பி வில்லாட்ஸ் அங்கேதானே இருந்தான். கோட்டுகூட மாட்டாமல் ஓடினேன். தெருமுனையைத் தாண்ட முடியவில்லை. ஜெர்மன் வண்டிகள் வந்துகொண்டே இருந்தன.

எதிர்ச்சாரியில் நம் மருத்துவச்சி மாதில்தே நின்றாள். ஒரு கையில் ஜெர்மன் கொடி, இன்னொரு கையில் காபிக் கெண்டி. சிப்பாய்களுக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் ஜெர்மன்காரி என்பது நமக்குத் தெரியாததா? அதைச் சொல்லி நீங்கள் கிண்டல் செய்தால் அவளும்தான் சிரிப்பாள். ஆனாலும், ஐனார், நம் கிர்ஸ்டனை முதலில் ஏந்திய கை அது.

காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் சண்டை முடிந்து, நாடே அவர்கள் கைக்குப் போய்விட்டது. மத்தியானம் வில்லாட்ஸ் துப்பாக்கி இல்லாமல் வந்தான். பக்கத்தில் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்த பையன் செத்த கொஞ்ச நேரத்தில் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்ததாம். "எதுக்குச் சுடச் சொன்னாங்க, எதுக்கு நிறுத்தச் சொன்னாங்கன்னு ஒருத்தரும் சொல்லலக்கா" என்றான். இன்னும் பூட்ஸைக் கழற்றவில்லை.

சாயங்காலம் மாதில்தே வழக்கம்போல் பையோடு வந்து கதவைத் தட்டினாள். நான் திறந்துவிட்டு வழியிலேயே நின்றேன். "அது வேற, இது வேற தோரா. படு, பாக்கறேன்" என்றாள். வில்லாட்ஸ் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். இந்தப் பக்கத்தில் வேறு மருத்துவச்சி இல்லை. படுத்தேன். தலை கீழே திரும்பிவிட்டதாம், இந்த மாதக் கடைசியில் பிறந்துவிடுமாம். நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது அவள் என் கன்னத்தைத் தொட வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் அழுதாள் என்று நினைக்கிறேன், நிச்சயமாகத் தெரியாது.

இப்போது முக்கியமான விஷயம். நம் கப்பல்களையெல்லாம் ஊருக்குத் திரும்பச் சொல்லி ஜெர்மன்காரர்கள் ரேடியோவில் கூப்பிடுவார்கள் என்று துறைமுகத்தில் பேசிக்கொள்கிறார்கள். நம் பாஷையில், நம் ஆள் குரலிலேயே கூப்பிட்டாலும் நம்பாதீர்கள். வந்தால் கப்பலைப் பிடித்துக்கொள்வார்கள். கேப்டனிடம் சொல்லுங்கள். இங்கிலாந்தோ, அதற்கும் அப்பாலோ, எங்கே விடுவார்களோ அங்கே போங்கள். பிரசவத்துக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனீர்கள். அந்தச் சொல்லிலிருந்து உங்களை நான் விடுவிக்கிறேன்.

குழந்தைக்கு நீங்களே ஒரு பெயர் நினைத்து வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் எழுத வேண்டாம். வந்து சொல்லுங்கள். அதுவரை நான் பாப்பா என்றே கூப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

கடவுள் உங்கள் கப்பலைக் காக்கட்டும்.

உங்கள்
தோரா