சிப்பாய்க்கு வெறி இல்லை

ஆம்பூர்,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

ரங்கூனில் குடித்தனம் நடத்தும் என் செல்வ மகள் செண்பகத்துக்கு உன் சித்தப்பா கன்னியப்பன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. நடந்தது எல்லாம் நான் முன்னமே சொன்னபடிதான் நடந்தது, அதை முதலில் எழுதிவிட்டு அப்புறம் க்ஷேமம் விசாரிக்கிறேன். ஆவணி மாதமே நான் உன் சித்தி முனியம்மாவிடம் சொன்னேன், நம் நாய் சிப்பாய்க்கு வந்திருப்பது மூப்பு, இதைப் பார்த்து ஒருநாள் ஊரே வெறிநாய் என்று கத்தப்போகிறது, அன்றைக்கு நான்தான் குறுக்கே போய் நிற்கவேண்டியிருக்கும் என்று. அப்படி நான் சொல்லவே இல்லை என்கிறாள் முனியம்மா. அவளுக்கு ஞாபகம் கம்மி. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், எனக்கு முழங்காலில் ஒரு பிடிப்பு, அது பனியால் வந்தது, வயசால் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள், குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று ஒன்றுவிடாமல் எழுது.

சிப்பாய் மாறிப்போனதை நான் எழுதியதற்கு உன் பதில் காகிதம் முன்னமே கிடைத்தது. தோல் பதனிடப் பட்டை ஏற்றி வந்த வண்டியில் ஆவாரம்பட்டைக் கட்டுகளுக்கு நடுவே கண் திறக்காமல் கிடந்த குட்டியைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு வந்தவள் நீ, வளர்த்தவள் நீ, கல்யாணமாகிக் கப்பல் ஏறும்போது என் கையில் விட்டுப் போனவளும் நீ, ஆகையால் அதன் விஷயத்தில் தீர்ப்பு உன்னுடையது என்று ஒப்புக்கொள்கிறேன். என் பேரைச் சொன்னா அதுக்குத் தெரியுதான்னு பாருங்க சித்தப்பா, தெரிஞ்சா சித்திரையில நான் வர்ற வரைக்கும் எப்படியாச்சும் காப்பாத்தி வைங்க, என் பேரே தெரியலன்னா அதை வெச்சுப் பாடுபடுத்தாதீங்க, டாக்டர்கிட்ட குடுத்து நல்லபடியா முடிச்சுடுங்க என்று எழுதியிருந்தாய். அந்த விஷயத்துக்கு வருகிறேன், அதற்கு முன்னால் மண்டியில் நடந்த கூத்தைக் கேள், கேட்டால் உன் சித்தப்பன் சாமானியப்பட்டவன் இல்லை என்று மாப்பிள்ளைக்கும் தெரியட்டும்.

அப்துல் கரீம் சாயபுவின் தோல் மண்டியில் காயப்போட்ட தோலுக்கெல்லாம் சிப்பாய்தான் காவல், ஒரு துண்டு சவ்வைக்கூட வாயில் வைக்காத நாய் என்று சாயபுவே வியாபாரிகளிடம் பெருமை பேசுவார், அந்த நல்ல புத்தியில் பாதி நான் புகட்டியது. மழைக்காலம் தொட்டு அது ஒரு தினுசாக மாறிப்போனது. கதவு திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் பக்கம் போய் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும், திறந்துவிட்டாலும் அங்கேயே நிற்கும். சுவர் மூலையில் தலையைக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கத் தெரியாமல் நிற்கும், நாம்தான் இடுப்பைப் பிடித்துத் திருப்பிவிடவேண்டும். கூழைக் குடித்துவிட்டு, குடித்ததை மறந்து, மறுபடியும் சட்டியண்டை வந்து உட்காரும். தோல் திருட வந்தவனுக்கு வாலை ஆட்டிவிட்டு, தினம் வேலைக்கு வருகிற ஆளைப் பார்த்து உறுமும். போன செவ்வாய்க்கிழமை காலையில் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழி ஓரமாகச் செக்குமாடு போல வட்டம் சுற்ற ஆரம்பித்திருக்கிறது, விரட்டினாலும் நிற்கவில்லை. அந்தச் சமயம் பார்த்துச் சாயபு உள்ளே வர, இத்தனை வருஷம் பார்த்துப் பழகிய மனுஷரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. வாயைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக நுரை. எவனோ வெறி என்று ஒரு குரல் கொடுத்தான், அவ்வளவுதான், மண்டியே சிதறிப்போனது. ஒருவன் பட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் குதித்துவிட்டான், அவனுக்கு இடுப்புக்குக் கீழே நிறம் இன்னும் போகவில்லை.

சாயபுவின் மருமகன் கவுஸ் பாஷா ஏலகிரி மலைக்கு வேட்டைக்குப் போகிறவர், இரட்டைக் குழல் துப்பாக்கியோடு வந்துவிட்டார். சாயபு நிதானஸ்தர், அவசரப்படாதே பாஷா, வெறி புடிச்ச நாய் தண்ணியப் பார்த்தா பயப்படும், வெச்சுப் பார்த்துட்டு சுடு என்றார். எவனோ ஒரு தகரத்தில் தண்ணீர் மொண்டு நீளக் கழியால் தள்ளி வைத்தான். சிப்பாய் முகர்ந்து பார்த்தது, உடம்பெல்லாம் நடுங்கிற்று, வாலைக் கவட்டுக்குள் சொருகிக்கொண்டு பின்னால் போனது. பார்த்தீங்களா பார்த்தீங்களா என்று எல்லோரும் கத்த, பாஷா துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டார்.

அப்போதுதான் பட்டைக் கிடங்கிலிருந்து நான் வந்தேன். ஐந்நூறு பேர் கூட்டம். பக்கத்துத் தண்டவாளத்தில் மெட்ராஸ் மெயில்கூட நின்று வேடிக்கை பார்த்தது, நிற்கவில்லை என்றாலும் மெதுவாகத்தான் போனது. நேரே போய்த் துப்பாக்கிக்கும் நாய்க்கும் நடுவில் நின்றேன். தள்ளிப் போ மேஸ்திரி, நாய்க்காக நீ பேஜார் ஆவாத என்றார் பாஷா. தகரத்தை எடுத்து மோந்து பார்த்தேன், எனக்கே கண்ணில் நீர் வந்தது. சுண்ணாம்பு மொள்ளுகிற தகரம் அது. தண்ணீர் வைத்தவனைக் கூப்பிட்டு, இன்னாடா தண்ணி இது, இந்தா நீ ஒரு வாய் குடி என்று நீட்டினேன். அவனும் ரெண்டடி பின்னால் போனான். சாயபு, இவனுக்கும் வெறிதான், இவனையும் சேர்த்துச் சுடச் சொல்லுங்க என்றேன். மண்டியே சிரித்தது. அப்புறம் என் குடிதண்ணீர்ப் பானையை வரவழைத்து, உள்ளங்கையில் ஊற்றி அதன் மூக்கண்டை நீட்டினேன். சிப்பாய் குடித்தது பார், பானை பாதியாகிப்போனது. என் துண்டால் அதன் வாயைத் துடைத்து விரித்துக் காட்டினேன், நுரையும் இல்லை ஒன்றும் இல்லை, குழியோரம் மிதித்த காலை நக்கியதில் ஒட்டிய சுண்ணாம்பு. பாஷா தோட்டாவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மாமு, என் துப்பாக்கிக்கு லைசன்ஸ் இருக்குது, இந்த மேஸ்திரி வாய்க்கு யாரு குடுத்தா என்று கேட்டார்.

நாய் பக்கத்தில் வந்தால் அங்கியை ஒதுக்கிக்கொள்ளுகிற சாயபு அன்றைக்குக் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தார். வெறி இல்ல கன்னியப்பா, ஒத்துக்கறேன், ஆனா இது இனிமே இங்க வேணாம், நாளைக்குக் குழியில விழுந்து வெந்துச்சுன்னா உன் மனசும் தாங்காது என் மனசும் தாங்காது, நம்மகிட்ட உழைச்ச உசுரு, அதுக்கு எது நல்லதோ அதைக் கேட்டுச் செய் என்று சொல்லி, வேலூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போக அவர் வண்டியையே கொடுத்தார். சிப்பாய் மெத்தை போட்ட வண்டியில் போனது, கலெக்டர் போகிற மாதிரி.

அங்கே டாக்டர் சாமிநாதன் சீமையில் படித்தவர், மெட்ராஸ் என்றாலும் சீமை மாதிரிதான். கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார், கைதட்டிப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். பெரியவரே, மனுஷாளுக்கு வயசான காலத்துல புத்தி மாறிப் போகும் இல்லையா, அதேதான் இது, வலி ஒண்ணும் இல்ல, ஆனா எங்க இருக்கோம்னு தெரியாம நடுங்குது பாருங்க, அந்தப் பயம்தான் அதுக்குக் கஷ்டம், அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல, உங்க வீட்ல யாரையாச்சும் அடையாளம் தெரிஞ்சா அந்த தைரியத்துல கொஞ்ச நாள் ஓடும், அதுவும் போய்டுச்சுன்னா கூட்டிட்டு வாங்க, மயக்க மருந்து வெச்சா தூங்கறாப்பல போய்டும், அது பாவம் இல்ல என்றார். என்னைப் பெரியவரே என்று கூப்பிட்டது ஒன்றுதான் அவர் செய்த தப்பு.

இப்போது நீ கேட்ட விஷயம். திரும்பும் வழியில் பள்ளிகொண்டாவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வண்டியை நிறுத்தினோம். சிப்பாய் சுருண்டு கிடந்தது. குனிந்து அதன் காதில் செண்பகம் என்று ஒரு தடவைதான் சொன்னேன். காது ரெண்டும் விறைத்து நின்றது. எழுந்தது, வண்டியிலிருந்து குதித்தது, கிழக்கே பார்த்து, அதாவது சரியாக ரங்கூன் திசை பார்த்து நின்று வாலை ஆட்டிக்கொண்டே ஒரு குரல் கொடுத்தது பார், கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். வண்டிக்காரன் சாட்சி, அவன் தூங்கிக்கொண்டிருந்தான் என்றாலும்.

இப்போது வீட்டில்தான் வைத்திருக்கிறோம். முனியம்மா ஆட்டுக்கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் மூட்டையை அடைத்துவிட்டாள், அது அங்கே போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று. கூழைக் கையால் ஊட்டுகிறாள். ஏண்டா கெழவா, இப்பதானே தின்ன, யாரு தின்னா உன் பங்கை என்று அதோடு நாள் முழுக்கச் சண்டை. பொழுது சாயும்போது நடுங்க ஆரம்பிக்கும், அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கையை வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அவளை அவள் என்று தெரிந்து அடங்குகிறதா, கைச் சூட்டுக்கு அடங்குகிறதா, அது எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாதது இந்த ஒன்றுதான்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், பேரனுக்கு முத்தம். நீங்கள் தீர்க்காயுசாக, பசி தெரியாமல், மனஸ்தாபம் இல்லாமல் இருக்கவேண்டும். கப்பலில் வெறும் வயிற்றோடு ஏறாதே, எலுமிச்சம்பழம் மடியில் வைத்துக்கொள். வரும்போது எனக்கு ஒரு ரங்கூன் பட்டு லுங்கி, சிவப்பு வேண்டாம்.

கையெழுத்துப் போடலாம் என்று பார்த்தால் கை ஓடவில்லை செண்பகம். பள்ளிகொண்டாவில் வண்டி நின்றது நிஜம், மாடு தண்ணீர் குடித்தது நிஜம், மற்றது நானே ஜோடித்தது. உன் பெயரைச் சொல்லத்தான் குனிந்தேன், வாய் வரவில்லை. சொல்லி, அது சும்மா படுத்திருந்தால் நான் என்ன செய்வேன், அப்புறம் உன் வார்த்தைப்படி வண்டியைத் திருப்பவேண்டியதுதானே. துப்பாக்கிக்கு முன்னால் நின்றபோதுகூட இப்படிப் பயம் இல்லை. ஆகையால் பேர் தெரிந்தால்தான் என்று விதி வைக்காதே அம்மா, வேறே ஏதாவது கேள். கூழ் குடிக்கிறதா என்று கேள், குடிக்கிறது. கை வைத்தால் அடங்குகிறதா என்று கேள், அடங்குகிறது. கையை வைத்தும் அடங்காத நாள் வந்தால் நானே மடியில் போட்டுக்கொண்டு வேலூருக்குப் போவேன், அதற்கு உன் உத்தரவுகூட எனக்கு வேண்டாம். உன் காகிதம் வந்த நாள் முதலாக அதன் காது கேட்க உன் பெயரை இந்த வீட்டில் நாங்கள் இருவரும் சொல்வதே இல்லை.

இப்படிக்கு உன் சித்தப்பா,
கன்னியப்பன், மேஸ்திரி.