அவிழ்க்காத கட்டு

திருப்பூர்
14-2-1971

அன்புள்ள சலாவுதீன் அண்ணனுக்கு,

தங்கை சைதுன்னிசாவின் சலாம். கல்கத்தாவில் நீங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது.

‘கையில் வெட்டு, உயிருக்கு ஆபத்தில்லை’ என்று தந்தி கொடுத்ததோடு சரி. நீங்கள் இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லையென்று கோபமாக இருப்பீர்கள். கோபப்படுங்கள். உங்கள் மச்சானுக்கு வலது கை போய்விட்டது அண்ணா. தோளுக்குக் கீழே ஒரு சாண்தான் மிச்சம்.

பிள்ளைகள் தொடக்கூடாதென்று, பனியன் துணி வெட்டுகிற கட்டிங் கத்தியைப் பரண்மேல் வைக்கிறது அவர் வழக்கம்தானே. போன மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும், பரணிலிருந்து துணி பண்டலை இழுத்திருக்கிறார். பண்டலோடு கத்தியும் வந்து முழங்கைக்கு மேலே உள்பக்கமாக இறங்கிவிட்டது. ரத்தம் சொட்டவில்லை, பீச்சி அடித்தது. சுவர், வெட்டி அடுக்கியிருந்த பனியன் எல்லாம் ஒரே சிவப்பு.

நான்தான் கட்டினேன். கைக்கு அகப்பட்டது பனியன் வேஸ்ட், வெட்டி மிஞ்சிய துண்டுத் துணி. நீளமாகக் கிழித்து, வெட்டுக்கு மேலே நாலு சுற்றுச் சுற்றி, பலம் கொண்டமட்டும் இழுத்து முடிந்தேன். பனியன் துணியின் குணம் உங்களுக்குத் தெரியாததா? இழுத்தால் சுருண்டு கயிறாகிவிடும். ரத்தம் நின்றது. அதற்கு மேலே இன்னும் வேஸ்டை வைத்து மூட்டை மாதிரிச் சுற்றிவிட்டேன். பக்கத்து ஊட்டு மருதம்மாள் அக்கா, கண்ணு, புருசன் உசுரைக் காப்பாத்திப் போட்டே என்றார்கள். எனக்கும் பெருமைதான். நாசமாய்ப் போன பெருமை.

இங்கே முதலில் காட்டிய டாக்டர் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். ரத்தம் கசியவில்லை, அவிழ்க்காமல் அப்படியே கோயமுத்தூர் கொண்டுபோங்கள் என்று ஊசி போட்டு அனுப்பினார். உள்ளே கயிறு இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? நானும் சொல்லவில்லை.

வாடகைக் கார் கிடைக்கவே மதியம் ஆகிவிட்டது. அவிநாசி தாண்டி டயர் வெடித்து ரோட்டோரம் இரண்டு மணி நேரம் கிடந்தோம். அப்போதுதான் அவர், சைதுன், கை மரத்துப் போச்சு, விரல் இருக்குதா இல்லையான்னே தெரியலை, கொஞ்சம் தளர்த்தி விடு என்று கெஞ்சினார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆம்பளைக்கு இந்த வலி பொறுக்காதா, பேசாமல் படுங்க என்று அதட்டினேன். முடிச்சு நெகிழ்ந்துவிடுமோ என்று உள்ளே விரலை விட்டு இன்னும் இறுக்கினேன். இரண்டு தடவை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கட்டைப் பிரிக்கும்போது மணி நாலு. வெட்டுப்பட்ட ரத்தக்குழாயின் இரண்டு முனையும் ஒன்றோடொன்று எட்டவில்லையாம். தொடையிலிருந்து ஒரு துண்டுக் குழாய் எடுத்து நடுவில் வைத்துத் தைத்தார். மறுநாள் காலை என் விரலைப் பிடித்து உங்கள் மச்சான் மணிக்கட்டில் வைத்து, நாடி அடிக்குதா பாரம்மா என்றார். அடித்தது அண்ணா. சன்னமாக, விடாமல் அடித்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். நாகூருக்கு நேர்ந்துகொண்டேன்.

அந்த ஒரு காலைதான். பொழுது சாயும்போது கை பலகை மாதிரி விறைத்து வீங்கிவிட்டது. ஒண்ணுக்குக் காப்பித்தண்ணி நிறத்தில் போனது. வீக்கத்தின் இறுக்கம் குறையட்டும் என்று சதையைக் கீறி விட்டும் பார்த்தார்கள். கையை வைத்திருந்தால் ஆளே தங்கமாட்டார் என்று மூன்றாம் நாள் எடுத்துவிட்டார்கள்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை, திட்டியிருக்கலாம். தையல் சரியாகத்தான் இருந்தது, ஏழு மணி நேரம் ரத்தமே போகாமல் சதை முன்னாடியே செத்துவிட்டது, கெட்டியாகத் துணி வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்திருந்தால் கை தப்பியிருக்கலாம் என்றார். அவருக்கு மட்டும் சொல்லிவிடாதீங்க என்று காலைப் பிடித்தேன். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், இவள் கட்டியிருக்காவிட்டால் நான் அன்றைக்கே மவுத்து என்கிறார். கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு வேகிறது. சோறு ஊட்டப் போனால் இடது கையால் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று நாலு தடவை வாயைத் திறந்து, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டு முடித்தேன். சொல்லட்டுமா வேண்டாமா என்று உங்களைக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை நேற்றுக் காலை ஆரம்பித்தேன்.

நேற்று அவரும் உங்களுக்கு எழுதினார். இடது கையால் ஒரு பக்கம் எழுத அரை நாள் ஆனது. நான் எழுதித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். மடித்துக் கொடுத்து, படிக்காமல் உறையில் போடு என்றார். படித்துவிட்டேன். என் புத்திதான் உங்களுக்குத் தெரியுமே.

கோழி கிளறின மாதிரி எழுத்து. கட்டு அத்தனை நேரம் இருந்ததால்தான் கை போயிற்று என்று டாக்டர் தன்னிடம் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறார். வழியில் தான் என்னைத் தளர்த்தச் சொன்னதை டாக்டரிடம் சொல்லவில்லையாம். சைதுனுக்கு இது எந்தக் காலத்திலும் தெரிய வேண்டாம், அவள் தாங்கமாட்டாள், நீங்களும் எழுதும்போது அவள்தான் என் உயிரைக் காப்பாற்றினாள் என்றே எழுதுங்கள் மச்சான் என்று முடித்திருக்கிறார்.

அந்தக் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். எனக்குத் தனியாகப் பதில் போட வேண்டாம் அண்ணா. அவர் பெயருக்கே போடுங்கள். அவர் பிரித்து எல்லோருக்கும் கேட்கப் படிப்பார். அவர் கேட்டபடியே அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

அவருக்காகவும் எனக்காகவும் துஆ செய்யுங்கள். எனக்குக் கொஞ்சம் கூடவே செய்யுங்கள்.

உங்கள் தங்கை,
சைதுன்னிசா