பாலத்தில் நான் சொன்ன செய்தி

1940 ஜூன் 11, செவ்வாய்
வகுப்பில் ஒன்பது பேர்தான். மற்றவர்கள் பெற்றோரோடு தெற்கே போய்விட்டார்கள். பின்னக் கணக்கு நடத்தினேன். தெருவில் மெத்தை கட்டிய கார்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. பிள்ளைகளின் கண் கரும்பலகையில் இல்லை.

நாமும் கிளம்பலாமா என்று என் மனைவி ஒடீல் கேட்டாள். "ஒத்தைக் கையை வெச்சுக்கிட்டு நீங்க எந்த வண்டிய ஓட்டப் போறீங்க?" என்று பதிலையும் அவளே சொல்லிவிட்டுப் பட்டாணி பறிக்கப் போனாள்.

ஜூன் 14
பாரிசுக்குள் ஜெர்மன்காரர்கள் நுழைந்துவிட்டார்கள்.

ஜூன் 15, சனி
லுவார் ஆற்றுப் பாலத்தில் நம் சிப்பாய்கள் ஏழு பேர், ஓர் இயந்திரத் துப்பாக்கியோடு. தலைவன் காஸ்பார், கொத்தனார் வேலை பார்த்தவனாம். மற்ற ஆறு பேரில் ஒருவன் ஆப்பிரிக்கப் படைக்காரன், தெம்பா. தன் படையைத் தொலைத்துவிட்டு மூன்று நாள் தனியாக நடந்து வந்து இவர்களோடு சேர்ந்தவன்.

ஒடீலும் நானும் சூப் கொண்டுபோனோம்.

"அம்மா, இதுல உப்பே இல்லையே" என்றான் தெம்பா.

"உப்பு வேணும்னா பாரிசுக்குப் போய் ஜெர்மன்காரன்கிட்டக் கேளு" என்றாள் ஒடீல். எல்லோரும் சிரித்தார்கள். இந்த வாரத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

என் காலிச் சட்டைக் கையைப் பார்த்துத் தெம்பா, "எங்க போச்சு சார்?" என்று கேட்டான்.

"வெர்தன் சண்டைல. பதினாறாம் வருஷம்."

"எங்க மாமாவும் அங்கதான் இருந்தாரு. அப்ப நீங்களும் எனக்கு மாமா முறைதான்."

ஜூன் 17, திங்கள்
பன்னிரண்டரை மணிக்கு வானொலியில் புதிய பிரதமர் மார்ஷல் பேசினார். வெர்தனில் எங்களுக்குத் தளபதியாக இருந்தவர். குரல் கிழடு தட்டியிருந்தது. நெஞ்சு கனக்கச் சொல்கிறேன், சண்டையை நிறுத்தியாக வேண்டும் என்றார். நான் அழுதேன். வெட்கமாக இல்லை. அவரே சொல்லிவிட்டார் என்றால் வேறு வழியில்லை என்றுதான் பொருள். இனி ஒரு பிள்ளையும் சாக வேண்டாம்.

பாலத்துக்கு ஓடினேன்.

"நீங்களே காதால கேட்டீங்களா, வாத்தியாரே?" என்றான் காஸ்பார்.

"கேட்டேன். நிறுத்தியாகணும்னு சொன்னாரு."

தெம்பா மட்டும் எழுந்திருக்கவில்லை. "ஜெர்மன்காரன்கிட்டயும் சொல்லிட்டாரா, மாமா?"

"சொல்லாமலா இருப்பாரு" என்றேன்.

துப்பாக்கியின் பூட்டைக் கழற்றி ஆற்றில் எறிந்தார்கள்; இனி அது சுடாது. காஸ்பார் என்னைக் கட்டிக்கொண்டான். பாலத்தருகே இருக்கும் மாவு ஆலைக்குள் போய்ப் படுத்து, பட்டப்பகலில் குறட்டை விட்டுத் தூங்கினார்கள்.

ஜூன் 18
பேச்சைச் செய்தித்தாளில் அச்சடித்திருக்கிறார்கள். 'சண்டையை நிறுத்த முயல வேண்டும்' என்று இருக்கிறது. முயல வேண்டும்! நான் கேட்டது அது இல்லை. ஒடீலும் கேட்டாளே, ஊரே கேட்டதே. உடன்படிக்கை எதிலும் இன்னும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. அப்படியென்றால் சண்டை நடந்துகொண்டுதானே இருக்கிறது?

ஆலைக்குப் போனேன். காஸ்பார் இரண்டு முறை படித்தான். "இப்ப என்ன, ஆத்துல இறங்கிப் பூட்டைத் தேடவா? விடுங்க. எங்கள ஏத்திட்டுப் போக லாரி வருதாம்" என்றான்.

தெம்பாவிடம் என் பழைய கோட்டைக் கொடுத்தேன். தோளில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். "கோட்டு உடம்ப மறைச்சுடும் மாமா. மூஞ்சிய எதைப் போட்டு மறைக்கிறது?"

ஜூன் 20, வியாழன்
காலை பத்து மணிக்கு வந்துவிட்டார்கள். லாரி வரவில்லை.

ஏழு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஜன்னலில் நின்று பார்த்தேன். ஆறு பேரை ஒரு பக்கம் நிறுத்தினார்கள். தெம்பாவை மட்டும் தனியாக. "அவனும் எங்க ஆளுதான்யா!" என்று காஸ்பார் கத்தினான். துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்தார்கள்.

தெம்பாவை ஆலைச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். கை தூக்கியபடிதான் போனான்.

சத்தம் கேட்டது. எத்தனை — வேண்டாம், எழுத மாட்டேன்.

ஜூன் 21
ஒடீல் அவன் முகத்தைக் கழுவிவிட்டாள். வெட்டியானும் நானுமாகக் கல்லறைத் தோட்டத்துக் கடைசியில் புதைத்தோம். பையில் படையில் கொடுத்த அடையாளப் புத்தகம் இருந்தது. தெம்பா சிஸ்ஸோகோ, இருபத்துமூன்று வயது. தகப்பன் பெயரும் ஊரும் இருக்கின்றன.

ஜூன் 25
நேற்று நள்ளிரவு தாண்டித்தான் போர்நிறுத்தமாம். இன்றுதான் உண்மையிலேயே நிறுத்தியிருக்கிறார்கள்.

ஜூலை 9
ஜெர்மன்காரர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் பிடித்த பகுதியைப் பிரிக்கும் எல்லைக் கோடு எங்கள் ஊருக்கு வடக்கே விழுந்திருக்கிறதாம். காஸ்பாரையும் மற்றவர்களையும் ஜெர்மனிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

தெம்பாவின் தகப்பனுக்கு எழுத உட்கார்ந்தேன். "பாலத்தைக் காத்துச் செத்தான்னு எழுதுங்க. பெத்தவருக்கு அது போதும்" என்றாள் ஒடீல். அப்படியே எழுதினேன்.

அக்டோபர் 14
வகுப்பறையில் மார்ஷலின் படம் மாட்ட உத்தரவு. ஒரு கையால் நேராக மாட்ட வரவில்லை. "கோணலா இருக்கு சார்" என்றாள் ஒரு சிறுமி. இருக்கட்டும் என்றேன்.

1941 பிப்ரவரி 22
ஆப்பிரிக்காவிலிருந்து கடிதம். தகப்பன் சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருக்கிறார்கள். வீரனாகச் செத்ததற்கு ஊரே தொழுகை நடத்தியதாம். மண் போட்ட கைக்குக் கடவுள் நல்லது செய்வாராம். ஒன்றே ஒன்று மட்டும் தெரிய வேண்டுமாம்: அவனை எந்தத் திசை பார்த்துப் படுக்க வைத்தீர்கள்?

எனக்கு அது தோன்றவே இல்லை. தலைமாட்டில் சிலுவை வேறு நட்டிருக்கிறேன்.

மார்ச் 8, சனி
நகர மன்றத்தில் அனுமதி வாங்க இரண்டு வாரம் ஆயிற்று. இன்று காலை வெட்டியானும் நானும் மண்ணைத் தோண்டி, மெக்கா இருக்கும் தென்கிழக்கு பார்த்துத் தெம்பாவை வலப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தோம். சிலுவையை எடுத்துவிட்டுப் பெயர்ப்பலகை நட்டேன்.

மதியம் தகப்பனுக்கு எழுதினேன். எந்தத் திசை என்று சொன்னேன். பாலத்தில் சண்டையை நிறுத்தச் சொன்னது யார், அவன் கையில் துப்பாக்கி ஏன் இல்லை என்று அவர் கேட்கவில்லை. அதையும் எழுதினேன்.

ஒடீல் முழுவதும் படித்தாள். உறையை ஒட்டி, முக்காட்டைப் போட்டுக்கொண்டு, தபாலாபீசுக்கு அவளே எடுத்துப் போனாள்.