போனில் குடித்த டீ

அன்புள்ள லூர்துராணிக்கு,

மஸ்கட்டில் நானும் என் தொப்பையும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? போனில் கேட்டால் சிரித்தே மழுப்புவாய், அதனால் எழுதுகிறேன்.

தினமும் சாயங்காலம் போனில் சேர்ந்து டீ குடிக்கிறோமே, நேற்று நீ வருவதற்குள் நம் மகள் லின்சி உன்னைப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

"அம்மா டீயை விட்டு ஆறு மாசமாச்சுப்பா. அல்சர்னு டாக்டர் நிறுத்திட்டார். உங்களுக்காக வெந்நீரை உறிஞ்சிக் காட்டுறாங்க."

"அப்போ அந்த முறுக்கு சத்தம்?"

"அது நான் கடிச்சதுப்பா!"

குடும்பமே கூட்டுச்சதி! பேசி ஏமாற்றியவர்கள் உண்டு, உறிஞ்சி ஏமாற்றியவள் நீ ஒருத்திதான். "என்னமா ருசிச்சுக் குடிக்கிறே!" என்று பாராட்டிய மடையன் நான்.

லீவு முடிந்து திருச்சியிலிருந்து கிளம்பும் என் ரூம்மேட் ஆசீரிடம் மணப்பாறை முறுக்கு கொடுத்துவிடு. வயிற்றைப் பார்த்துக்கொள், டீ வேண்டாம். ஆனால் சாயங்காலம் வெந்நீரோடாவது வந்துவிடு. இங்கே தனியாக டீ இறங்காது.

கம்பெனி பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான்.

ஏமாந்த உன்
தைரியராஜ்