தீபத்தன்று சொன்ன விலை

அக்கா,

இன்று காலையில் டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் கற்பூர வாடையோடு அந்தப் பச்சைக்கரைத் துண்டு மேலே வந்தது. டீச்சரம்மா போன் போட்டதால்தான் பெட்டியைத் திறந்தேன். உன் வீட்டை வாங்கினாரே, அதே டீச்சரம்மா. இப்போது அவரும் அதை விற்கப் போகிறாராம். மகன் பெங்களூருக்குக் கூப்பிடுகிறானாம். வீட்டுக்கு மூன்று பேர் போட்டியாம். "அண்ணே, அந்தத் துண்டு இன்னும் இருக்குதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அவளும் சிரிக்கிறாள்.

நீ வீட்டை விற்கக் கிளம்பிய சமயத்தில்தான் பௌர்ணமிக் கூட்டம் பெருகத் தொடங்கியிருந்தது. மலை சுற்ற வந்தவர்கள் கையோடு மனை விலையும் விசாரித்துவிட்டுப் போனார்கள். உனக்கு முழங்கால் வலி. மாடிப்படி வீடே வேண்டாம் என்று உன் மகள் வேங்கிக்காலில் ஒரு சின்ன வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள். தை பிறப்பதற்குள் மீதியைக் கட்டாவிட்டால் அட்வான்ஸும் போகும், வீடும் போகும். இது விற்றால்தான் அது.

"வெளித் தரகனுக்குத் தராத. நான் இருக்கறேன்" என்றேன்.

"நீ மாட்டுத் தரகன்டா."

"விலைன்னு வந்துட்டா மாடு இன்னா, வீடு இன்னா."

நீ முறத்தை எடுத்து அரிசியைப் புடைக்கத் தொடங்கினாய். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கேட்டு வந்தவர்கள் மூன்று பேர். பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ்காரர் ஒருவர். மாதாமாதம் பௌர்ணமிக்கு வரும் மெட்ராஸ் கம்பெனிக்காரர் ஒருவர். மூன்றாவது டீச்சரம்மாவும் அவர் வீட்டுக்காரரும். வேறு யாராக இருந்தாலும் தனித்தனியாக வரச் சொல்லியிருப்பார்கள். எனக்குச் சந்தைப் புத்தி. ஒருத்தன் மட்டும் பார்க்கிற மாடு விலை போகாது. மூன்று பேர் சுற்றி நின்றால்தான் மாட்டுக்கு மதிப்பு. அதனால் மூவரையும் கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் உன் மாடிக்கு வரச் சொன்னேன். மலையுச்சி முழுசாகத் தெரிகிற மாடி அது. தீபத்தன்று லாட்ஜ்காரருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற இரண்டு பேரும் வருகிறார்கள் என்று சொன்னேன், ஓடி வந்தார். நீ மத்தியானமே ஏறத் தொடங்கி, படிக்குப் படி உட்கார்ந்து, ஒருவழியாக மேலே வந்து நாற்காலியில் சாய்ந்தாய்.

துண்டைத் தோளிலிருந்து எடுத்தேன். சந்தை முறை உனக்குத் தெரிந்ததுதான். துண்டுக்குள்ளே கையைப் பிடித்து விரலால் விலை பேச வேண்டும். ஒருத்தர் கேட்ட விலை இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. பேச்சு முடிவதற்குள் கையை எடுத்தால் அந்த விலை செல்லாது, மறுபடி முதலிலிருந்து.

முதலில் மெட்ராஸ்காரர். கையைத் துண்டுக்குள் விட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஏதோ தீட்சை கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "சார், விலை" என்றேன். "உள்ளுக்குள்ள ஒரு சூடு தெரியுதுங்க" என்றார். நீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மலைப்பக்கம் திரும்பிவிட்டாய்.

டீச்சரம்மா கையையே நீட்டவில்லை. "நான் வாயாலயே சொல்றேன்ணே" என்று ஊர் கேட்க விலையைச் சொல்லிவிட்டார். வேங்கிக்கால் வீட்டுக்கே கொஞ்சம் எட்டாத விலை. எனக்கு ஆத்திரம். "சந்தையில இப்படி வாயத் தொறக்கக் கூடாதும்மா" என்றேன். "இது சந்தையாண்ணே?" என்றார்.

லாட்ஜ்காரர்தான் விவரம் தெரிந்தவர். அவர் வீட்டில் முன்பு உழவு மாடு இருந்தது. கை உள்ளே வந்ததுமே விரல் பேசியது. நான் ஒரு விரலை மடக்கினேன், அவர் விரித்தார். அவர் தள்ளினார், நான் இழுத்தேன். விலை ஏறி ஏறி, வேங்கிக்கால் வீட்டுக்குக் கொடுத்தது போக ஒரு கறவை மாடும் வாங்கலாம் என்கிற இடத்துக்கு வந்தது. கடைசி விரல்தான் பாக்கி. அவர் அதை அழுத்தப் போன நேரத்தில் மலையுச்சியில் தீபம் ஏறிவிட்டது.

"அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று லாட்ஜ்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். நானும் தூக்கினேன். துண்டு பறந்து தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. ஊர் முழுக்க அரோகரா. சத்தம் அடங்கியதும், பழக்க தோஷம், நானே சொன்னேன்: "கைய எடுத்துட்டீங்க. இந்த விலை செல்லாது."

நீ தலையில் அடித்துக்கொண்டாய். "அத ஏண்டா நீயே சொல்ற?"

"உங்க தம்பியே சொல்லிட்டாரும்மா" என்று லாட்ஜ்காரர் கையைத் துடைத்துக்கொண்டார்.

மெட்ராஸ்காரர் அழுதுகொண்டிருந்தார். தீபத்தையும் உன்னையும் மாறி மாறிக் கும்பிட்டு, யாரும் சொல்லாத ஒரு விலையைச் சொன்னார். அதற்கு இரண்டு வீடு வாங்கலாம். நான் அவர் காலில் விழக் குனிந்தேன். நீ நாற்காலியை விட்டு அசையவில்லை.

"விளக்கப் பாத்துக்கினு சொல்ற விலை வேணாங்க. மூணு பேரும் வூட்டுக்குப் போயி தூங்குங்க. காலையில காப்பி குடிச்சிட்டு வந்து சொல்லுங்க."

அன்று ராத்திரி நான் உன்னோடு பேசவில்லை. கைக்கு வந்த லட்சுமியைத் தூங்கப் போகச் சொன்னவள் என்று கோபம்.

விடிந்தது. மெட்ராஸ்காரர் முதல் பஸ்ஸுக்கே போய்விட்டார் என்று அவர் தங்கிய இடத்தில் சொன்னார்கள். லாட்ஜ்காரர் ஆள் அனுப்பினார். விரலில் சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, இஷ்டமிருந்தால் பார்க்கலாம் என்று. டீச்சரம்மாவும் அவர் வீட்டுக்காரரும் ஈரத்தலையோடு வந்து நின்றார்கள். நேற்றுச் சொன்ன அதே விலை. டிபன் பாக்ஸில் அட்வான்ஸ்.

"ஜாஸ்தி கேளு" என்று உன் காதில் சொன்னேன்.

"எனக்குத் தெரியும், நீ நவுரு" என்றாய். பிறகு அவரிடம், "வேங்கிக்கால் வூட்டுக்கு இன்னும் கொஞ்சம் எட்டலம்மா" என்றாய்.

டீச்சரம்மா வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் வாசலில் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தார். "சரி, வண்டிய வித்துக் குடுத்துடலாம்" என்றார். மனிதர் பேசி அன்றுதான் கேட்டேன். கணக்கு எட்டியது. கறவை மாட்டுக்கு எட்டவில்லை, அது வேறு.

"வருஷா வருஷம் தீபத்துக்கு இந்த மாடிக்கு வருவேன்" என்றாய்.

"வாங்கம்மா. உங்க தம்பி மட்டும் துண்டோட வரக் கூடாது" என்றார் டீச்சரம்மா.

அப்படியே நடந்தது. உன்னை நாற்காலியோடு நானும் டீச்சரம்மா வீட்டுக்காரரும் தூக்கிக்கொண்டு போவோம். "பாத்துடா, மாட்ட வண்டியில ஏத்தற மாதிரி ஏத்தாத" என்பாய். நீ போன பிறகும் நான் போகிறேன், தோளில் துண்டில்லாமல். உன் நாற்காலி அங்கேயே தொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. யாரும் அதில் உட்காருவதில்லை, கீழே இறக்கவும் இல்லை.

"மூணு பேரையும் தீபத்தன்னிக்கே வரச் சொல்லட்டுமாண்ணே?" என்று இன்று போனில் டீச்சரம்மா கேட்டார். "வேணாம்மா, மறுநாள் காலையில வரச் சொல்லு" என்றேன். "அம்மா சொன்ன மாதிரியே சொல்றீங்க" என்றார்.

விலையை அவர் வாயாலேயே பேசிக்கொள்வார். துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். வருகிற புது ஆளிடம் நான் கேட்க வேண்டியது தீபத்தன்று அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க இடம் ஒன்றுதான். அதை வெளிப்படையாகவே கேட்பேன், அக்கா. தீபம் ஏறும்போது எனக்கு இரண்டு கையும் வெளியில் இருக்க வேண்டும்.