கிளினிக்குக்குக் கொண்டுபோன இரண்டு கிலோ

மார்ச் 14, வெள்ளி

தூக்கம் வரவில்லை. உடம்பெல்லாம் இன்னும் பரபரக்கிறது.

போன வாரம் கூலாய் டவுன் கிளினிக்கில் எடை பார்த்தபோது, எங்கள் பாப்பா பிறந்தபோது இருந்ததைவிட எடை குறைந்திருந்தாள். பால் போதவில்லையோ என்று என் மனைவி மாலா அழுதாள். நான் தராசைத்தான் குறை சொன்னேன். தொழிற்சாலையில் நாள் முழுக்கத் தராசுகளைச் சரிபார்ப்பவன் அல்லவா! இன்று மேனேஜரிடம் கேட்டு, இரண்டு கிலோ சோதனை எடைக்கல்லைக் கையோடு எடுத்துப்போனேன்.

“அலமாக்! ஐயையோ, பாப்பாவுக்கு முன்னாடி கல்லுக்கா எடை பாக்கப் போறீங்க?” என்று தாதி சிரித்தார்.

விரல் ஈரம் படக்கூடாதென்று கையுறை போட்டுக் கல்லைத் தட்டில் வைத்தேன். துல்லியமாக இரண்டு கிலோ. அப்படியானால் போன வாரம் காட்டியதும் உண்மைதான்.

கையுறையைக் கழற்றிவிட்டுப் பாப்பாவைப் படுக்கவைத்தேன். கால் கிலோ ஏறியிருந்தாள்!

“தராசு சரிதானேங்க?” மாலாவின் குரல் நடுங்கியது.

“சரிதான்லா! நானே பாத்தேன்ல!” என்று கத்தியேவிட்டேன்.

பாப்பாவைத் தூக்கக் குனிந்தேன். கை தானாகக் கையுறையைத் தேடியது.

“வெறுங்கையாலயே தூக்குங்க,” என்றாள் மாலா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.