உலை வைக்கும் சத்தம்

சிவமயம்

பருத்தித்துறை,
26.03.1995

அன்புள்ள மகன் கேதீசுக்கு,

அம்மா எழுதுவது. சந்நிதி முருகன் காவலில் நானும் அப்பாவும் தங்கச்சியும் மருமகனும் இங்கே குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்த நோர்வேக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும் போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் மாசி நடுப்பகுதியில் கிடைத்தது. சண்டை நின்றதில் இருந்து தபால் கொஞ்சம் கெதியாக வருகிறது. உறை தடிப்பாக இருந்ததைக் கண்டு, பிள்ளை மனம்விட்டு எழுதியிருக்கிறான் என்று அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்து குந்தினேன். பிரித்துப் பார்த்தால் நாலு பக்கமும் இஞ்சின். அப்பாவின் போட்டுக்கு எண்ணெய் மிச்சம் பிடிப்பது எப்படி என்று படம் எல்லாம் கீறி அனுப்பியிருக்கிறாய். அதைப் பற்றி உன்னோடு ஒரு கதை இருக்கிறது, கடைசியில் வருகிறேன். முதலில் இங்கத்தைய புதினத்தைக் கேள்.

தடையை எடுத்து, கடலுக்குப் போகலாம் என்று விட்டதும் அப்பா செய்த முதல் வேலை, கோடிப்புறத்தில் தாட்டு வைத்திருந்த இஞ்சினைக் கிண்டி எடுத்ததுதான். சாக்கும் கிறீசும் சுற்றி இத்தனை வருடம் மண்ணுக்குள் கிடந்த இஞ்சின் இரண்டாம் இழுவையிலேயே பிடித்துவிட்டது. நீ பிறந்தபோதுகூட அவர் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. ஆனால் இஞ்சின் இருந்து என்ன, எண்ணெய் வேண்டுமே. பெற்றோல் ஒரு மூடி ஊற்றி ஸ்ராட் பண்ணிவிட்டால் மிச்ச ஓட்டமெல்லாம் மண்ணெண்ணெயில்தான், அதையும் கடற்றொழிலாளர் சங்கத்தில் போட்டுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுத் தருகிறார்கள். அந்தப் பங்கை வைத்துக்கொண்டு மீன் கிடக்கிற இடத்துக்குப் போனால் திரும்பி வர முடியாது, திரும்பி வருகிற மாதிரிப் போனால் அங்கே மீன் கிடையாது. முதல் இரண்டு கிழமையும் கறிக்குக் காணுமளவுதான் வந்தது.

இதிலேதான் எனக்குப் பயம் பிடித்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் விஷயமாக மருமகன் குகதாசன் உனக்கு எழுதியதும், பார்க்கிறேன் என்று நீ பதில் போட்டதும் எனக்குத் தெரியும். தொழில் சரிவந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் சித்திரை பிறந்ததும் கொழும்புக்குப் போய் அங்கிருந்து எங்கேயாவது போகிறது என்று அவர் முடிவெடுத்துவிட்டார். தங்கச்சி ஞானாம்பிகைக்கு இப்போது ஏழாம் மாதம். பிள்ளைகள் தகப்பனைப் படத்தில் பார்த்து வளருகிற வீடுகள் இந்த ஒழுங்கையில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. அவள் மனதில் என்ன என்று முகத்தைப் பார்த்தால் தெரியாதா. போதாக்குறைக்கு அப்பாவின் வாய் வேறு. மருமகன் கச்சாய்க்காரர், கடலேரியில் தொழில் செய்தவர் என்பதை அப்பா மறக்கவும் மாட்டார், மறக்க விடவும் மாட்டார். முழங்கால் தண்ணியிலை நிண்டு இறால் பொறுக்கினவை என்று அவர் காதுபடவே சொல்லுவார். வலை இழுக்க விடுவார், இஞ்சின் கைபிடியைத் தொட விடமாட்டார். ஒரு மனுசன் எத்தனை நாளுக்குத்தான் பொறுப்பார், சொல்லு பார்ப்போம்.

இந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உவன் ஐசுக்குள்ளை இருந்துகொண்டு எனக்கு இஞ்சின் படிப்பிக்கிறான் என்றார். சரியென்று மடித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தால், பேந்து என்ன எழுதியிருக்கிறான் எண்டு வாசியுமன் என்றார். அதன்பிறகு நீ சொன்னது ஒவ்வொன்றாக நடந்தது, தன்னுடைய யோசனை மாதிரி. போட்டின் அடியில் வெடிப்புக்கு ஒட்டுப்போட்ட இடமெல்லாம் புடைத்து நின்றன, அவை தண்ணீரைப் பிடித்து இழுக்கும் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதைத் தேய்க்கிற தாள் கடையில் இல்லை. மயிலிட்டியில் இருந்து இடம்பெயர்ந்து வந்து பக்கத்து வளவில் இருக்கிற நீக்கிலாப்பிள்ளை காய்ந்த திருக்கைத் தோல் கொண்டுவந்து தந்தார், அதை வைத்து ஆளுக்கொரு பக்கமாக உரஞ்சி வழுவழுப்பாக்கினார்கள். இஞ்சினின் அடியில் சுழல்கிற விசிறியில் ஓர் இதழ் கடலடிக் கற்பாரில் பட்டு நெளிந்திருந்ததையும் அவரே அராவிக் கொடுத்தார். பாரத்தைக் குறையுங்கள் என்று நீ எழுதினதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை. அப்பாவின் போட்டுக்குள் என்ன இல்லை. இரண்டு நங்கூரம், ஒன்றுக்கும் உதவாத கிழிந்த வலை, ஒரு பெரிய இரும்புத் துண்டு, அது எதற்கென்று அவருக்கே தெரியாது. எல்லாவற்றையும் இறக்க வைத்தோம். கோபத்தில், நீர் கட்டித் தாற சோத்துச் சட்டிதான் பாரம் என்றார். அடுத்த நாள் சின்னச் சட்டியில் போட்டுக் கொடுத்தேன். அதற்கு அடுத்த நாள் தானாகவே பழைய சட்டியைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தார்.

முன்பக்கம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு ஓடக்கூடாது, அணியத்தில் பாரம் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அப்பா மருமகனைக் கொண்டுபோய் அணியத்தில் இருத்தினார். அது பாரத்துக்கோ, கைபிடியிலிருந்து தூரத்தில் வைப்பதற்கோ, நான் கேட்கவில்லை. ஆனால் கைபிடியைப் பாதிக்கு மேல் முறுக்காதேங்கோ என்று எழுதினாயே, அதுதான் அவருக்கு உயிர் போகிற காரியம். உனக்குத் தெரியும், பாரை வெட்டிக் கரைக்கு வழி விட்ட வானுக்குள் போட் நுழையும்போது அப்பா முழுக்க முறுக்கிக்கொண்டுதான் வருவார், ஏரம்பு வாறான் என்று கரை முழுக்கத் தெரிய வேண்டும். நானும் கலியாணம் முடித்த நாள் முதல் அந்தச் சத்தத்துக்குத்தான் உலை வைத்தவள். இந்தக் கரையில் எந்தப் பெண்ணும் தன் வீட்டுப் போட்டின் சத்தம் கேட்காமல் அரிசி கழுவமாட்டாள். அவர்கள் மீன் கழற்றி, வலை தட்டி, கால் கழுவிக்கொண்டு வருவதற்கும் இங்கே சோறு வடிப்பதற்கும் சரியாக இருக்கும். அப்பா பாதி முறுக்கில் வரத் தொடங்கியதும் சத்தமே மாறிவிட்டது, யாரோ வேறு ஆட்கள் என்று நான் பேசாமல் இருந்துவிட, இரண்டு நாளும் சோறு ஆகுமுன்னம் பசியோடு வந்து குந்தினார்கள். எப்படியோ எண்ணெய்க் கானின் அடியில் இரண்டு விரல் எண்ணெய் மிஞ்சத் தொடங்கியது. உன் புண்ணியம்தான். ஆனால் மீன் கிடக்கிற இடத்துக்குப் போய்வர அதுவும் காணாது.

ஒருநாள் பின்னேரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மருமகன் மெல்லத் தொடங்கினார். போகேக்கை இஞ்சினிலை போவம் மாமா, வரேக்கை பாய் கட்டினால் எண்ணெய் தேவையில்லை, எங்கடை பக்கம் எல்லாரும் அப்பிடித்தான் ஓடுறது என்றார். அப்பா தலை நிமிராமலே, இது கடல் தம்பி, உங்கடை குளமில்லை என்றார். அதோடு கதை முடிந்தது. மருமகன் கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனவர், அடுத்த நாள் பெட்டிக்குள் இருந்து பாஸ்போட்டை எடுத்துத் துடைத்துச் சேட்டுப் பைக்குள் வைத்ததை நான் கண்டேன். ஞானாம்பிகையும் கண்டாள். இருவரும் காணாதது போல இருந்தோம்.

போன வியாழக்கிழமை விடிய மருமகன் சுருட்டிய பாய் ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டார். உதென்ன தம்பி என்று கேட்டேன். பாய் மாமி என்றார். எனக்கு மனம் சரியில்லாமல் போய்விட்டது. ஒரு வேலையும் செய்ய விடாமல் அணியத்தில் இருத்தி வைத்தால் மனுசன் பாயை விரித்துப் படுக்காமல் வேறென்ன செய்வார், இனி இவரை மறிக்க ஏலாது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குப் பத்து மணிக்கெல்லாம் மற்றப் போட்டுகள் வரத் தொடங்கிவிட்டன. ஒவ்வொரு சத்தமாகக் கேட்கிறேன், எங்களுடையது இல்லை. உலையை வைக்கட்டோ அம்மா என்று ஞானாம்பிகை கேட்டாள். சத்தம் வரட்டும் பிள்ளை என்றேன். வெயில் உச்சிக்கு ஏறியும் வரவில்லை. அவளை வீட்டில் இருத்திவிட்டு நான் கரைக்கு ஓடினேன். ஏரம்பண்ணை தனிய வெளியாலை ஓடினதைக் கண்டதாம் எண்டு சொல்லினம் அக்கா, எண்ணெய் முடிஞ்சிருக்கும், பயப்பிடாதேங்கோ என்று நீக்கிலாப்பிள்ளை சொன்னார். சொல்லிக்கொண்டே அடுத்த நாளைக்கென்று வைத்திருந்த தன்னுடைய பங்கை டாங்கிக்குள் ஊற்றினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்ணெய் முடிந்ததாக மட்டும் இருக்கட்டும் முருகா என்றுதான் நின்றேன். நீயும் இந்தக் கரையில் வளர்ந்தவன், வேறு என்னென்ன நினைத்திருப்பேன் என்று உனக்கு எழுதத் தேவையில்லை.

அவர் போட்டைத் தள்ளப் போகிற நேரம் தூரத்தில் நீலமும் வெள்ளையுமாக ஒன்று தெரிந்தது. கிட்ட வரவரத்தான் விளங்கியது, பாதி அகதிகளுக்குக் கொடுத்த தரப்பாள், பாதி கோதுமை மாப் பை, எழுத்துகள் எல்லாம் தலைகீழாக. பாய். கடவுளே, படுக்கிற பாய்க்குள் சுருட்டிக்கொண்டு போனது அந்தப் பாயைத்தான். பிள்ளைக்கு விரிக்கத் தைக்கிறேன் என்று சொல்லி என்ரை மகள்தான் மெசினில் தைத்துக் கொடுத்திருக்கிறாள், கள்ளி, ஆனால் மனுசன் எந்த நாளைக்கு அதைக் கொண்டு போகப் போகிறார் என்று அவளுக்கும் தெரியாது. மருமகன் பின்னுக்கு நின்று துடுப்பைச் சுக்கானாகப் பிடித்திருந்தார். இஞ்சின் தண்ணீரில் படாமல் தூக்கிக் கட்டியிருந்தது. அணியத்தில், கையைக் கட்டிக்கொண்டு, கோயிலுக்குப் போகிற ஆள் மாதிரி உன் அப்பா. ஏரம்பண்ணைதான் வாறார் அக்கா, ஆனால் ஏரம்பண்ணை மாதிரி வரேல்லை என்றார் நீக்கிலாப்பிள்ளை. வானுக்கு வெளியே பாயை இறக்கித் துடுப்புப் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தார்கள். போட் நிறைய அறக்குளா மீன். அப்பா இறங்கி என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, உலை வைக்கேல்லையோ என்பது. சத்தமில்லாமல் வந்தால் ஆர் உலை வைக்கிறது என்று கேட்டேன், கேட்டுவிட்டுக் கரையில் அத்தனை பேருக்கும் முன்னால் அழுதுவிட்டேன். அப்பா என் பக்கத்திலேயே நின்றார்.

கடலில் நடந்ததை மருமகன்தான் பிறகு சொன்னார். அன்றைக்கு மீன் இன்னும் வெளியே கிடந்திருக்கிறது. எண்ணெய் காணாது, திருப்புவம் என்று அப்பா சொல்ல, மருமகன் பாயை விரித்துக் காட்டி, போவம் மாமா, வரேக்கை காத்து கொண்டுவரும் என்றாராம். அப்பா அதைப் பார்த்துவிட்டு இஞ்சினை வெளிப்பக்கம் திருப்பினாராம். திரும்பும்போது தானே எழும்பி அணியத்துக்குப் போய் இருந்துகொண்டு, நீர் பிடியும் தம்பி என்றாராம். அப்பாவிடம் கேட்டால், உவருக்குக் காத்துப் பாக்கத் தெரியுது என்று மட்டும் சொன்னார். உன் அப்பா வாயில் இருந்து அது வந்தால் பொன்னாடை போர்த்தினதுக்குச் சமம். நீக்கிலாப்பிள்ளையின் பங்கு அவருடைய டாங்கிக்குள்ளேயே இருக்கிறது, அறக்குளா ஒன்றும் அவர் வீட்டுக்குப் போனது.

நேற்றுப் பின்னேரம் மருமகன் கத்தரிக்கோலோடு குந்தியிருந்தார். என்ன வெட்டுகிறீர் என்று கேட்டேன். உந்தப் பாய் இப்பத்தைய காத்துக்குத்தான் மாமி சரி, சோளகத்துக்கு வேறை மாதிரி வெட்டவேணும் என்றார். சோளகம் வைகாசியில்தான் எழும்பும். சித்திரையில் போக இருந்த மனுசன் வைகாசிக் காற்றுக்குப் பாய் வெட்டுகிறார். நான் அடுப்படிக்குள் போய் ஞானாம்பிகையின் கையைப் பிடித்தேன், அவளுக்கும் கேட்டிருக்கிறது. ஆனபடியால் நீ அவருக்கு எழுதும்போது ஏஜென்சிக் கதையைத் தொடாதே, அவராகக் கேட்டால் பிறகு பார்க்கலாம்.

இன்னொன்று. இப்போது இவர்கள் பாயில்தான் வருகிறார்கள், ஆனால் வான் வாசலில் அப்பா இஞ்சினை இறக்கி, ஒரே ஒரு தரம் முழுக்க முறுக்கிச் சத்தம் எழுப்பிவிட்டு நிற்பாட்டுகிறார். அந்த எண்ணெய் வீண்தானே மாமா என்று மருமகன் கேட்டதற்கு, அது இஞ்சினுக்கு இல்லைத் தம்பி, உலைக்கு என்றாராம். இத்தனை வருடத்தில் உன் அப்பா எனக்கு வாங்கித் தந்த எந்தச் சீலையும் எனக்கு இவ்வளவு சந்தோசம் தரவில்லை.

இனி உன்னோடு இருக்கிற கதைக்கு வருகிறேன். நாலு பக்கம் எழுதினாய், கானுக்குள் எண்ணெய் எவ்வளவு மிஞ்சும் என்று எழுதினாய், நீ என்ன சாப்பிடுகிறாய் என்று எழுதவில்லை. நீ வேலை செய்கிற அந்த மீன் பக்டறியில் கை விறைக்குமாமே, அது எப்படி என்று எழுதவில்லை. இரவில் நித்திரை வருகிறதா, யாரோடு கதைக்கிறாய், ஒன்றும் இல்லை. சுகமாயிருக்கிறேன் என்று கடைசியில் ஒரு சொல், அதுவும் இடம் போதாததுபோல ஓரத்தில். நான் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை நாள் இருந்தேன். சிக்கனம் எண்ணெயில் போதும் ராசா. ஏதாவது கஷ்டமென்றாலும் எழுது, அப்பாவுக்கு வாசிக்காமல் நான் வைத்துக்கொள்ளுவேன்.

தலைக்கு எண்ணெய் வை, காதை மூடிக்கொண்டு வெளியே போ, கோபத்தோடு வேலைக்குப் போகாதே. முருகன் உனக்கு நல்ல தேகசுகத்தையும் நல்ல மனுசரின் சேர்க்கையையும் தர வேண்டும் என்று நானும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம். மருமகனும் தங்கச்சியும் உன்னை விசாரிக்கிறார்கள். என்றைக்காவது வரும்போது, சொல்லாமல் வந்து எங்களைத் திகைக்க வைக்கலாம் என்று மட்டும் நினைக்காதே. தூரத்தில் வரும்போதே சத்தம் காட்டு, நான் உலை வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஏ. இராசமலர்